ஆங்கில வினைக்குக் காலங்கள் எத்தனை?



ஆங்கில வினைக்குக் காலங்கள் எத்தனை என்று கேட்டால் நம் மாணவர் தயங்காமல் பன்னிரண்டு என்பர். முக்காலத்தையும் நால்வகை வடிவத்தால் பெருக்கிய கட்டத்தை அவர்கள் மனனம் செய்துள்ளனர். நாமும் அதனை வரைந்தே கற்பித்து வந்தோம். ஒரு மாணவர் 'இரண்டு' என்று எழுதினால் அவ்விடையை அடிக்கும் கை நம்முடையதாகவே இருக்கும்.

ஆயினும் அவ்விடை பழையது. ஜான் வாலிஸ் 1653-இல் இலத்தீனில் இயற்றிய ஆங்கில இலக்கணத்திலேயே காலங்கள் இரண்டுதாம் என்றார். 1795-இல் லிண்ட்லி மர்ரே ஆறு என்றார்; அஃது இலத்தீன் இலக்கணத்தின் எண். குவர்க் முதலிய நால்வர் 1985-இல் வெளியிட்ட பேரிலக்கணம் மீண்டும் இரண்டுக்கே வந்து சேர்ந்தது.

காரணம் எளிது. 'வாக்' என்பது 'வாக்ட்' எனத் திரிகிறது. 'வில் வாக்' என்பதிலோ வினை திரியவில்லை. துணைவினை ஒன்று முன்னே வந்து நிற்கிறது. 'மே', 'மஸ்ட்', 'கேன்' ஆகியனவும் அவ்வாறே வருவன. 'மே வாக்' தனிக்காலம் ஆகாதெனில் 'வில் வாக்' மட்டும் ஆவது எங்ஙனம்? கதவு தட்டப்படும் ஓசை கேட்டு, 'தட் வில் பி த போஸ்ட்மேன்' என்கிறார் ஒருவர். அஞ்சற்காரர் இப்போதே வாயிலில் நிற்கிறார். இங்கே 'வில்' குறிப்பது ஊகத்தை. நாளைப் புறப்படும் இரயிலுக்கோ 'லீவ்ஸ்' என்னும் நிகழ்கால வடிவே போதும். தொடர்ச்சியும் நிறைவும் செயலின் நிலையைக் காட்டுவன என்று பலர் பிரிப்பர். நிறைவு வடிவத்தையும் ஒருவகைக் காலமாகவே கொள்வோர் இன்றும் உளர், அவ்வழக்கு முடிந்தபாடில்லை.

தமிழைப் பாருங்கள். தொல்காப்பியர் வினையியலில் காலம் மூன்று என்றார். 'படித்துக்கொண்டிருக்கிறேன்' நமக்கு நிகழ்காலம், 'படித்திருந்தேன்' இறந்தகாலம். துணைவினைதோறும் ஒரு காலம் என எண்ணியிருந்தால் நம் கட்டமும் பன்னிரண்டைத் தாண்டியிருக்கும். 'இந்நேரம் வீடு சேர்ந்திருப்பார்' என்னும்போது எதிர்கால இடைநிலை, நடந்து முடிந்திருக்கக்கூடியதை ஊகிக்கிறது. 'வில்' செய்யும் வேலையை நம் மாணவர் தம் வீட்டுப் பேச்சிலேயே அறிவர்; நாம்தாம் சுட்டிக்காட்டவில்லை.

வடிவங்களைப் பழக்குவதற்குக் கட்டம் இருக்கட்டும். தேர்வுக்கும் அது வேண்டும். அதனோடு, நாளிதழிலிருந்து 'வில்' வரும் பத்து வாக்கியங்களைக் கொடுத்து, எவை முன்னறிவிப்பு, எவை வாக்குறுதி, எவை ஊகம் என மாணவரையே பிரிக்கச் சொல்வோம். 'இரண்டு' என்று எழுதிய மாணவரிடம், அடிக்குமுன், 'எதனை எண்ணினாய்?' என்று கேட்போம்.