உயிர்கொல்லும் கல்



ஜப்பானின் டோச்சிகி மாநிலத்தில், நாசு எரிமலையின் அடிச்சரிவில், வெந்நீர் ஊற்றுகளுக்கு அருகே ஒரு பாறை உண்டு. செஷ்ஷோசெகி என்பது அதன் பெயர். உயிர்கொல்லும் கல் என்பது பொருள். காற்றில் கந்தக நெடி கமழும் இடம் அது. மண்ணிலிருந்து கசியும் நச்சு வாயு, அங்கு வந்து சேரும் உயிர்களை மாய்த்துவிடும்.

மக்கள் வழக்கு வேறொரு காரணம் கூறும். தோபா மன்னனை மயக்கிய தமாமோ என்னும் பேரழகி உண்மையில் ஒன்பது வால் நரியாம். முன்னர்ச் சீனத்திலும் மகதத்திலும் அரசியர் வடிவில் வாழ்ந்து அரசுகளைக் கெடுத்ததும் அதுவே என்பர். (அந்த நரியின் பழி வரலாற்றில் நம் நாட்டுக்கும் ஒரு பங்கு கிடைத்துவிட்டது!) நாசு வெளியில் வேட்டையாடிக் கொல்லப்பட்டபின், அதன் சினமே கல்லாயிற்று.

1689-இல் பாஷோ அங்கே சென்றார். வழியில் குதிரையை நடத்தி வந்தவன் அவரிடம் ஒரு கவிதை வேண்டினான். குதிரைக்காரனும் கவிதை கேட்கும் நாடு அது! பாஷோ மகிழ்ந்து எழுதிக் கொடுத்தார். நரிக்கதையை அவர் அறியாதவர் அல்லர். தமாமோவின் பழங்கல்லறையை முன்பே தேடிக் கண்டவர். எனினும் கல்லின்முன் நின்றபோது அக்கதையை அவர் விரிக்கவில்லை. மணலின் நிறமே தெரியாதவாறு தேனீக்களும் வண்ணத்துப்பூச்சிகளும் செத்துக் குவிந்து கிடந்ததைத் தம் பயண நூலில் குறித்தார்; கல்லின் நஞ்சு இன்னும் ஓயவில்லை என்றார். கதையின் அச்சம் முழுவதையும் அந்தச் சிற்றுயிர்களே சுமந்துவிடுகின்றன.

2022 மார்ச்சில் அப்பாறை இரண்டாகப் பிளந்து கிடந்தது. சில ஆண்டுகளுக்கு முன்பே விரிசல் கண்டிருந்தது என்றும், மழைநீர் உட்புகுந்திருக்கலாம் என்றும் உள்ளூரார் விளக்கினர். ஆயினும் நரி தப்பிவிட்டது என்ற பேச்சு உலகெங்கும் பரவியது. அஞ்சியவர்கள் கதையின் பாதியையே நினைவிற் கொண்டிருந்தனர். இக்கல்லின் பெயரையே தாங்கிய பழைய 'நோ' நாடகத்தில், கென்னோ என்னும் துறவி சடங்கு செய்ய, கல் பிளக்கிறது. வெளிவரும் ஆவி தன் தீவினைகளை உரைத்து, இனித் தீங்கு செய்வதில்லை எனச் சூளுரைத்து மறைகிறது. அங்கே பிளவு என்பது விடுதலை. துறவி சம்மட்டியால் கல்லை உடைத்தார் என்றும் ஒரு வழக்குண்டு. ஜப்பானியர் ஒருவகைச் சுத்தியலை இன்றும் 'கென்னோ' என்றே அழைக்கின்றனர்.

அதே 2022 டிசம்பரில், பிளந்த கல்லின் அருகே எட்டுக் காட்டுப்பன்றிகள் இறந்து கிடந்தன.