தானியேலும் வெளியூர் போய்ப் படித்தவர்தான்

(முன்னாள் மாணவர் சங்கக் கூடுகையில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



"வெளிநாடு போகிற நம்ம பிள்ளைகளுக்கு நாலு வார்த்தை சொல்லுங்க" என்று சங்கச் செயலாளர் கேட்டுக்கொண்டார். மேடை ஏறினவன் நாலு வார்த்தையோடு நிறுத்தியதாகச் சரித்திரம் இல்லை. ஆனாலும் பிரியாணி வாசனை வரத் தொடங்கிவிட்டபடியால் சுருக்கமாகவே பேசுகிறேன்.

கிறிஸ்தவக் கல்லூரியில் படித்துவிட்டுப் போகிற பிள்ளைகளிடம் ஒரு நினைப்பை அடிக்கடி பார்க்கிறேன். "நாமளும் கிறிஸ்தவங்க, அவங்களும் கிறிஸ்தவங்க. அதே பைபிள், அதே பாட்டு. அங்கே போய்ப் பழகறதுல என்ன கஷ்டம்?" என்று கேட்கிறார்கள். முதல் தடையே இந்த நினைப்புதான். அந்நிய ஊர் என்று தெரிந்து போகிறவன் கண்ணைத் திறந்து வைத்துக்கொண்டு போவான். சொந்த வீடு என்று நினைத்துப் போகிறவன் வாசற்படியிலேயே இடித்துக்கொள்வான்.

வேதாகமத்தில் ஒரு நல்ல உதாரணம் இருக்கிறது. தானியேலும் அவர் தோழர்களும் பாபிலோனில் 3 வருடப் படிப்பில் சேர்க்கப்பட்டவர்கள். விரும்பிப் போகவில்லை, சிறைப்பட்டுப் போனார்கள். நீங்கள் கல்விக் கடன் வாங்கிக்கொண்டு போகிறீர்கள், அவ்வளவுதான் வித்தியாசம்! அவர்களுக்கு அங்கே மூன்று காரியங்கள் எதிர்ப்பட்டன. பேரை மாற்றினார்கள், சாப்பாட்டை மாற்றப் பார்த்தார்கள், புது பாஷையைப் படிக்கச் சொன்னார்கள். உங்களுக்கும் இதே மூன்றுதான்.

முதலில் பெயர். நமக்கு இனிஷியல்தான் உண்டு, குடும்பப் பெயர் கிடையாது. பாஸ்போர்ட்டில் ஒரே பெயராக இருந்தால், அமெரிக்க விசாவில் அதைக் குடும்பப் பெயர் இடத்தில் போட்டுவிட்டு, சொந்தப் பெயர் இடத்தில் எஃப்.என்.யு. என்று அச்சடிப்பார்கள். 'முதற்பெயர் தெரியவில்லை' என்று அர்த்தம். அப்புறம் பல்கலைக்கழகத்தில் உங்களை 'ஃப்னூ' என்று கூப்பிட்டாலும் ஆச்சரியமில்லை! ஆகையால் விண்ணப்பம் போடுமுன் பாஸ்போர்ட்டில் இனிஷியலை விரித்து எழுதி, பெயரை இரண்டு பாகமாகச் சரிபண்ணிக்கொள்ளுங்கள். சான்றிதழ்களிலும் அதே எழுத்துகள் இருக்க வேண்டும்.

அடுத்தது சாப்பாடு. நம் ஊரில் விருந்துக்குப் போனால் முதல் தடவை "வேண்டாம்" என்போம். வீட்டுக்காரம்மா விடமாட்டார்கள். மூன்றாம் தடவை இலையில் விழுந்துவிடும். அங்கே ஒரு தடவை வேண்டாம் என்றால் வேண்டாம்தான். பாத்திரம் அடுத்த ஆளிடம் போய்விடும், நீங்கள் பசியோடு எழுந்திருப்பீர்கள். அதே மாதிரி, சபை விருந்திலேயே மது பரிமாறுகிற நாடுகள் உண்டு. குடிக்காதவர்கள் "எனக்குத் தண்ணீர் போதும், நன்றி" என்று சிரித்த முகத்தோடு சொன்னால் போதும். அந்த இடத்தில் பிரசங்கம் வேண்டாம். தானியேல் பருப்பும் தண்ணீரும் கேட்டபோது பணிவாகக் கேட்டார், பத்து நாள் சோதித்துப் பாருங்கள் என்றார். ராஜாவின் பந்தியில் இருந்தவர்களைத் திட்டவில்லை.

மூன்றாவது பாஷை. ஆங்கிலம் தெரியும் என்று நம்பிப் போகாதீர்கள். வகுப்பில் எழுந்து "ஐ ஹாவ் எ டவுட்" என்றால் இங்கே கேள்வி கேட்கிறான் என்று அர்த்தம். அங்கே, சொன்னதை இவன் நம்பவில்லை என்று அர்த்தமாகிவிடும். "இந்தக் கல்லூரியில் பாஸ் அவுட் ஆனேன்" என்று பெருமையாகச் சொன்னால், மயங்கி விழுந்தாயா என்று பரிதாபமாகப் பார்ப்பார்கள். எதிரே உட்கார்ந்திருக்கிற 1985-ஆம் ஆண்டுக்காரர்கள் சிரிக்கிறார்கள், அவர்களுக்கு அனுபவம் போலிருக்கிறது!

இதைவிடப் பெரிய பாஷை ஒன்று உண்டு. புத்தகத்தில் உள்ளதை அப்படியே எழுதினால் இங்கே மார்க் வரும். அங்கே பிறருடைய வாக்கியத்தை யாருடையது என்று சொல்லாமல் எழுதினால் திருட்டு. பட்டமே பறிபோகலாம். புறப்படுமுன் நம் பேராசிரியர்களிடம் பத்துப் பக்கக் கட்டுரை ஒன்றைச் சொந்த வார்த்தையில், மேற்கோள் காட்டி எழுதித் திருத்தி வாங்குங்கள். அந்தப் பழக்கம் இல்லாமல் விமானம் ஏற வேண்டாம்.

இனி சபைக்கு வருவோம். ஜெர்மனியில் ஞாயிற்றுக்கிழமை பெரும்பாலான கடைகளைத் திறக்கச் சட்டமே இடம் கொடுப்பதில்லை. ஆனால் ஆலயத்துக்குள் போனால் நரைத்த தலைகள் சில, காலி பெஞ்சுகள் பல. நமக்கு மிஷனெரிகளை அனுப்பிய நாடா இது என்று மனசு உடைந்துபோகும். குற்றம் சாட்ட அவசரப்படாதீர்கள், காரணத்தைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். அங்கே குடியிருப்பைப் பதிவு செய்யும்போது மதம் என்ன என்று கேட்பார்கள். லுத்தரன் என்றோ கத்தோலிக்கர் என்றோ எழுதினால், வருமான வரி கட்டுகிற அளவுக்குச் சம்பாதிக்கும்போது, அந்த வரியில் 8 அல்லது 9 சதவீதம் சபை வரியாகச் சேர்த்துப் பிடிப்பார்கள். இதையெல்லாம் முன்கூட்டியே தெரிந்திருப்பது நல்லது.

"உங்க குடும்பத்தை எப்போ மதம் மாத்தினாங்க?" என்று யாராவது கேட்பார்கள். கோபப்படாமல் பதில் சொல்லத் தெரிய வேண்டும். 1578-இல் கொல்லத்தில் 'தம்பிரான் வணக்கம்' தமிழில் அச்சானது. 1706-இல் சீகன்பால்கு தரங்கம்பாடியில் இறங்கினார், 1715-க்குள் தமிழ்ப் புதிய ஏற்பாடு அச்சாகிவிட்டது. அமெரிக்கா என்ற நாடு பிறந்ததோ 1776-இல்! சீகன்பால்கு 1714-இல் ஐரோப்பாவுக்குக் கப்பலேறியபோது மலையப்பன் என்ற தமிழ் இளைஞரும் உடன் போனார். உங்களுக்கு 300 வருடங்களுக்கு முன்பே புறப்பட்டுப் போன அண்ணன் அவர்.

சாதியைப் பற்றியும் கேட்பார்கள். "அது இந்துக்களிடம்தான், எங்களிடம் இல்லை" என்று தப்பித்துவிடலாம் என்று தோன்றும். தம்பி, அது பொய். தனிக் கல்லறைத் தோட்டம் உள்ள ஊர்கள் நம்மிடம் உண்டு, மணமகள் தேவை விளம்பரத்தையும் எல்லாரும் படிக்கிறோம். நம் குறையை நாமே ஒத்துக்கொண்டு பேசினால்தான், அவர்கள் ஊர் நிறவெறியைப் பற்றிக் கேட்கவும் நமக்கு வாய் இருக்கும். அதேபோல, பக்கத்துக் கோயிலின் தேரோட்டத்தையோ பள்ளிவாசலின் நோன்புக் கஞ்சியையோ அறியாமல் இந்தியாவைப் பற்றிப் பேசப் போகாதீர்கள். அங்கே உங்களை இந்தியராகத்தான் பார்ப்பார்கள்.

குளிர்காலத்தில் எடின்பரோவில் மாலை நாலு மணிக்கு முன்பே சூரியன் மறைந்துவிடும். தனிமை நெஞ்சை அடைக்கும். ஜெபம் பண்ணுங்கள், பல்கலைக்கழக மனநல ஆலோசகரையும் போய்ப் பாருங்கள். இரண்டும் ஒன்றுக்கொன்று விரோதமல்ல. வீட்டுக்குப் போன் பண்ணி "நல்லா இருக்கேன்மா" என்று சொல்லிவிட்டு அழுதுகொண்டிருக்காதீர்கள்.

அதே எடின்பரோவில் 1910-இல் உலக மிஷனெரி மாநாடு நடந்தது. ஆயிரத்துக்கும் அதிகமான பிரதிநிதிகள். அதில் ஆசியர்கள் இருபது பேர்கூட இல்லை. திருநெல்வேலிச் சீமை வெள்ளாளன்விளையில் பிறந்த வி.எஸ். அசரியா அங்கே எழுந்து பேசினார். மிஷனெரிகளின் தியாகத்தை மனதார மெச்சிவிட்டு, எங்களுக்கு நண்பர்களையும் தாருங்கள் என்று கேட்டார். அன்று அவருக்கு வயது 35. கூனிக் குறுகவும் இல்லை, வீறாப்புக் காட்டவும் இல்லை. சமமாக நின்று பேசினார். உங்களுக்கு நான் சொல்ல வந்ததும் இந்த நிலைதான்.

கடைசியாக, பழைய மாணவர்களுக்கு ஒரு வேண்டுகோள். வெளிநாட்டில் இருக்கிற நம்மவர் ஒவ்வொருவரும், அந்த ஊருக்கு வருகிற பிள்ளை ஒன்றுக்குப் பொறுப்பு எடுங்கள். விமான நிலையத்துக்குப் போய் அழைத்து வாருங்கள், முதல் வாரம் ஒருவேளை சோறு போடுங்கள், மாதம் ஒருமுறை "எப்படி இருக்கே?" என்று கேளுங்கள். அசரியா கேட்ட நட்பை முதலில் நமக்குள்ளே கொடுத்துப் பழகுவோம்.

போய் வாருங்கள், கர்த்தர் உங்களோடு இருப்பாராக.