வீட்டுக் கொல்லையில் காந்தாரி
(குழுப் பிரதிநிதிகள் கூட்டத்தில் பேசியது)



"உலகத்திலேயே காரமான மிளகாயாமே, நல்ல விலைக்குப் போகுதாமே, உள்கடன் வாங்கிப் போடலாமா?" என்று சில குழுக்களில் கேட்கிறார்கள். அதைப் பற்றித்தான் இன்னைக்குப் பேசப்போறேன்.

அந்த மிளகாய் நிஜமாவே இருக்கு. அசாம், நாகாலாந்து பக்கம் விளையுது. பூத் ஜொலோகியா என்று பேரு. 2007-ல் உலகத்திலேயே காரமானது என்று கின்னஸ் புத்தகத்தில் ஏறியது. காரத்தை அளக்கிற ஸ்கோவில் கணக்கில் 10 லட்சத்தைத் தாண்டியது. நம்ம குழம்பு வத்தலுக்குச் சில பத்தாயிரம்தான் வரும். பிறகு 2023-ல் அமெரிக்காவின் பெப்பர் எக்ஸ் 26 லட்சத்துக்கு மேலே போய் அந்தப் பட்டத்தைப் பிடித்தது. இவ்வளவு காரத்தை வைத்து எந்த வீட்டில் குழம்பு வைக்க முடியும், சொல்லுங்க!

அது ஈரக்காற்றும் மழையும் உள்ள சீமையின் செடி. நம்ம தேரி மணலில், 35 டிகிரிக்கு மேலே வெயில் அடிச்சா பூவெல்லாம் கொட்டிப் போகும். ஆசைக்கு ஒரு தொட்டியில் வைங்க, தப்பில்லை. ஆனா நமக்குத் தோதானது காந்தாரிதான். கன்னியாகுமரிப் பக்கம் மரச்சீனிக் கிழங்குக்குத் தொட்டுக்க அரைப்பாங்களே, அதே ஊசி மிளகாய். கேரளாவில் அதுக்கு நல்ல கிராக்கி உண்டு. அரை நிழலிலும் வரும், ரெண்டு மூணு வருஷம் விடாம காய்க்கும். குருவிக்குக் காரம் தெரியாது. அது பழத்தைத் தின்னு எச்சம் போட்ட இடத்திலெல்லாம் தானா முளைக்கும்.

நாம போடணும்னா, நல்லாப் பழுத்த பழத்து விதையை நிழலில் காய வைத்து, ஒரு ராத்திரி தண்ணீரில் ஊற வைங்க. முளைக்க ரெண்டு வாரம் முதல் நாலு வாரம் வரை ஆகும். முளைக்கலையேன்னு கிண்டிப் பார்க்காதீங்க. ஆறு இலை வந்ததும் பழைய பெயிண்ட் டப்பாவில் அடியில் ஓட்டை போட்டு மாற்றி நடலாம். தேரி மணல் மட்டும் போட்டால் தண்ணி நிக்காது. கரம்பை மண்ணும் மக்கிய சாணமும் சரிக்குச் சரி கலக்கணும். கிணற்றுத் தண்ணி உப்பாக இருந்தால் அரிசி களைஞ்ச தண்ணியை ஊத்துங்க.

இலை மேல்பக்கம் சுருண்டால் இலைப்பேன், கீழ்ப்பக்கம் கவிழ்ந்து சுருண்டால் சிலந்திப்பூச்சி. 50 கிராம் வேப்பங்கொட்டைப் பருப்பை இடிச்சு, ஒரு லிட்டர் தண்ணியில் ராத்திரி ஊறப் போட்டு வடிகட்டி, கொஞ்சம் சோப்புக் கரைசல் சேர்த்து சாயங்காலம் தெளிங்க. அதிலும் கேட்காட்டா கிள்ளிகுளம் வேளாண்மைக் கல்லூரிக்கு ரெண்டு இலையைக் கொண்டுபோய்க் காட்டலாம்.

இன்னொன்று. காந்தாரி பக்கத்தில் குண்டு மிளகாய் இருந்தால் தேனீ மகரந்தத்தைக் கலந்துவிடும். இந்த வருஷக் காய் மாறாது. அதன் விதையில் வரும் செடிதான் மாறும். விதைக்கு வேணும்னா மொட்டிலேயே மெல்லிய துணிப்பையால் கட்டுங்க.

காரம் விதையில் இருக்குன்னு சொல்வாங்க. அப்படியில்லை, விதை ஒட்டியிருக்கிற வெள்ளை நரம்பில்தான் இருக்கு. அது தண்ணியில் கரையாது, எண்ணெயில்தான் கரையும். கை எரிஞ்சா தேங்காய் எண்ணெய் தடவித் துடைச்சு, பிறகு சோப்புப் போடுங்க. வாய் எரிஞ்சா தயிர். கண்ணில் பட்டால் மட்டும் எண்ணெய் வேண்டாம். நிறைய நல்ல தண்ணி விட்டுக் கழுவி, எரிச்சல் நிக்காட்டா ஆஸ்பத்திரிக்குப் போங்க. பால் கொடுக்கிற தாய்மார் காந்தாரி கிள்ளினால் பிள்ளையைத் தொடுமுன்னே கையைச் சுத்தம் பண்ணணும். பையன்களைப் பந்தயம் கட்டித் தின்ன விடாதீங்க. 2023-ல் அமெரிக்காவில் 14 வயசுப் பையன் ஒருத்தன் அதிகாரச் சிப்ஸ் தின்னு இறந்துபோனான். அவனுக்கு இருதயக் கோளாறு இருந்திருக்கு. அது முன்னாடியே யாருக்குத் தெரியும்?

இப்ப கடன் விஷயம். "விதையை நாங்க தர்றோம், விளைஞ்சதை நாங்களே வாங்கிக்கிறோம்" என்று யாராவது விதைக்கு முன்பணம் கேட்டால், தீர்மான நோட்டில் எழுதாமல் கொடுக்க வேண்டாம். வாங்குகிறவர் பேரு, விலை, எந்தத் தேதிக்குள் எடுப்பார், எடுக்காவிட்டால் யார் பொறுப்பு, எல்லாம் கையெழுத்தோட வேணும். அப்படிக் கையெழுத்துப் போட வருகிறவர் ரொம்பக் குறைவு. காந்தாரிக்குக் கடனே தேவையில்லை. வீட்டுக்கு நாலு செடி வைங்க, செலவுக்குப் போக மிஞ்சினதை மோரில் போட்டுக் காய வையுங்க. குழுவில் பத்துப் பேர் சேர்ந்து ஒண்ணா எடை போட்டு வியாபாரிகிட்ட விலை பேசிப் பாருங்க. ஒரு வருஷம் வித்துப் பார்த்த கணக்கு கையில் இருந்தால், அப்புறம் கடன் மனு எழுதலாம்.

விதை இல்லாதவங்க அடுத்த கூட்டத்துக்கு ஒரு காகிதப் பொட்டலம் கொண்டு வாங்க. காந்தாரிச் செடி உள்ளவங்க பழுத்த பழம் பத்துப் பறிச்சிட்டு வாங்க.