தடித்தலும் உறைதலும்

(தண்டையார்பேட்டை இலக்கிய வட்டத்தின் பத்தாம் ஆண்டு விழாவில் ஆற்றப்பட்ட உரை)

 

ஆங்கிலத்தில் 'திக்' என்பது ஒரு சொல். தடித்த நூலுக்கும் அதுவே. அடர்ந்த காட்டுக்கும் அதுவே. கெட்டியான குழம்புக்கும் அதுவே. அதினின்று பிறந்த 'திக்கன்' என்னும் வினையும் இம்மூன்று நிலைக்கும் பொதுவாய் வழங்குகிறது. தமிழிலோ காடு தடிப்பதில்லை, குழம்பு அடர்வதில்லை. ஒன்றின் இடத்தில் மற்றொன்றை வைத்தால் செவி உடனே மறுத்துவிடும். ஆயினும், கையகராதிகள் பலவற்றில் பருத்தலுக்குப் பெருத்தல் என்றும், பெருத்தலுக்குப் பருத்தல் என்றும் பொருள் காணப்படுகிறது. செவி அறிந்த வேற்றுமையை ஏடு அறியாதிருத்தல் ஒரு குறையே ஆகும்.

இக்குறையை நீக்கும் வழியைத் தொல்காப்பியரே காட்டியுள்ளார். உரியியலில் தட, கய, நளி ஆகிய மூன்றும் பெருமை என்னும் பொருளன என்று முதலில் ஒருசேரக் கூறுகிறார். அவ்வளவில் நின்றாரில்லை. தட என்பது வளைவையும், கய என்பது மென்மையையும், நளி என்பது செறிவையும் உணர்த்தும் என்று பின்னர்ப் பிரித்துக் காட்டுகிறார். ஒன்றுபடும் இடத்தைச் சொல்லி, வேறுபடும் இடத்தையும் சொல்வதே சொற்பொருள் ஆய்வின் முறை. அளவாற் பெரிதாதல் வேறு, உள்ளே நெருங்குதல் வேறு என்னும் தெளிவும் அங்கேயே கிடைத்துவிடுகிறது.

முதற்கண், அளவு மிகுதலைக் குறிக்கும் வினைகளை நோக்குவோம். தடித்தல் என்பது ஒரு பொருளின் கனம் மிகுதல். கொசு கடித்த இடம் தடிக்கிறது, உழைத்த கையின் தோல் தடிக்கிறது. பருத்தல் என்பது சுற்றளவு மிகுதல், அடிமரம் பருக்கிறது. புடைத்தல் என்பது ஒரு பகுதி மட்டும் வெளியே எழுதல். பாரம் தூக்குவோர் கழுத்தில் நரம்பு புடைக்கிறது. வீங்குதல் இன்றைய வழக்கில் பெரும்பாலும் நோயைச் சுட்டுகிறது. கால் பருத்துள்ளது என்பதற்கும் கால் வீங்கியுள்ளது என்பதற்கும் உள்ள வேற்றுமை மருத்துவர்க்கு முதன்மையானது. சினத்தால் பேச்சு முற்றும்போது 'வார்த்தை தடித்தது' என்கிறோம். பருத்தது என்று எவரும் கூறார்.

நெருக்கத்தைக் குறிப்பன அடர்தல், செறிதல், திரளுதல் ஆகியவை. தனித்தனியே எண்ணத்தக்கவை நெருங்கி நிற்பது அடர்தல். மரமும் மயிரும் அடரும். ஒரு கொள்ளளவுக்குள் பொருள் மிகுவது செறிதல். ஆதலின் கரைசலின் செறிவு என்னும் வேதியியல் வழக்கு மிகப் பொருத்தமானது. சிதறிக் கிடந்தவை ஓரிடத்தில் கூடுவது திரளுதல். வெண்ணெய் திரளும்போது தாழி உடைந்தது என்னும் பழமொழியில் 'திரளும்' என்பதன் இடத்தில் வேறொரு வினை நில்லாது. மோரெங்கும் பரவியிருந்த நெய்த்துளிகள் ஒன்றுகூடும் காட்சி அச்சொல்லுக்குள் இருக்கிறது.

நீர்மப் பொருள் கெட்டியாகும் இடத்திலேதான் தமிழ் வினைகளின் நுட்பம் மிகுதி. பால் சுண்டுகிறது, நீர் ஆவியாகி அளவு குறைகிறது. கஞ்சி கொழகொழப்பாகிறது, மாவு நீரை உறிஞ்சிப் பெருக்கிறது. நெய் உறைகிறது, குளிர்ச்சியே காரணம், சூடேற்றினால் உருகிவிடும். பாலும் உறைமோரால் உறைகிறது. அது தயிரானபின் மீண்டும் பாலாகாது. உறையிடாமலே கெட்டுப்போய்க் கட்டிகட்டியானால் பால் 'திரிந்தது' என்கிறோம். ஆங்கிலத்தின் 'கர்டில்' என்னும் வினை நல்ல தயிருக்கும் கெட்ட பாலுக்கும் வேற்றுமை காட்டுவதில்லை.

எனினும், எல்லா இடத்தும் தமிழே நுட்பமானது என்று பெருமை கொள்ளுதல் ஆய்வுக்கு அழகன்று. நீர் பனிக்கட்டியாதல், பால் தயிராதல், குருதி கட்டியாதல் ஆகிய மூன்றையும் தமிழர் 'உறைதல்' என்னும் ஒரே வினையாற் கூறுகின்றனர். ஆங்கிலமோ இவற்றுக்கு வேறுவேறு சொற்களை வைத்துள்ளது. குருதிக்கு வழங்கும் 'கோயாகுலேட்' என்பதன் இலத்தீன் மூலம் பாலை உறையவைக்கும் பொருளைக் குறிப்பது. பாலின் உறையைக் கொண்டே குருதியின் மாற்றத்தை விளக்க இருவேறு மொழியாரும் முற்பட்டமை வியப்புக்குரியது.

இவ்வேற்றுமையால் விளையும் பயன் யாது என்னும் வினா எழலாம். இதய நோயாளர் சிலர்க்குத் தரப்படும் மருந்தை ஆங்கிலத்தில் 'பிளட் தின்னர்' என்பர். அதைச் சொல்லுக்குச் சொல் பெயர்த்து, 'இரத்தத்தை நீர்க்கச் செய்யும் மாத்திரை' என்கின்றனர். அம்மருந்து குருதியை நீர்த்துப்போகச் செய்வதில்லை. உறைதலைத் தடுக்கிறது அல்லது தாமதப்படுத்துகிறது. தமிழில் நீர்த்துப்போதல் என்பது வலுவிழத்தலையும் உணர்த்தும். குருதி வலுவிழக்கும் என்று அஞ்சி ஒருவர் மாத்திரையை நிறுத்திவிட்டால், அப்பிழையில் மொழிபெயர்ப்புக்கும் பங்குண்டு. 'உறைவு தடுக்கும் மருந்து' என்றால் ஐயமில்லை.

கட்டடத் தொழிலிலும் ஒரு சான்று உண்டு. சிமெண்டு காய்வதால் இறுகுவதில்லை. நீரோடு வேதியியல் முறையிற் கூடுவதால் இறுகுகிறது. ஆதலின் கொத்தனார் புதுத் தளத்தில் பாத்தி கட்டிப் பல நாள் நீர் தேக்குகிறார். 'காய்ந்து இறுகும்' என்று பாடநூல் எழுதினால், மாணவன் நீரைப் பகையென்று கொள்வான்.

வடசென்னைக் கடற்கரை கண்ட துயரத்தையும் இங்கு நினைவுகூர்தல் தகும். 2017 ஜனவரி 28 அன்று எண்ணூர்க் காமராசர் துறைமுகத்துக்கு அருகே இரு கப்பல்கள் மோதியதில் கனமான எரியெண்ணெய் கடலிற் கலந்தது. மீனவரும் மாணவரும் தன்னார்வலரும் அக்கசடை வாளிகளால் அள்ளினர். இவ்வாறு கொட்டும் எண்ணெய் எவ்வாறு கெட்டியாகிறது? அதன் இலேசான கூறுகள் ஆவியாகின்றன. கடல்நீர்த் துளிகள் எண்ணெய்க்குள் புகுந்து கலந்து அதைக் குழம்பாக்குகின்றன. அளவு குறையாமல், கொட்டியதைவிடப் பெருகவும் கூடும். இதனை 'உறைந்தது' என்றால் வெயிலில் உருகிவிடும் என்று தோன்றும். 'சுண்டியது' என்றால் குறைந்துவிட்டது என்று தோன்றும். 'நீரேறிக் குழம்பிக் கெட்டியானது' என்று விரித்துரைப்பதே உண்மை. ஒரு வினையைப் பிழையாகத் தேர்ந்தால் அள்ளவேண்டிய கசடின் அளவே பிழைபடும்.

ஆதலின், கலைச்சொல் ஆக்குவோர் மூன்று வினாக்களை எழுப்புதல் வேண்டும். மிகுந்தது அளவா, நெருக்கமா, கெட்டித்தன்மையா? அதற்குக் காரணம் நீர் வற்றியதா, குளிர்ந்ததா, கூடியதா, புதிய பொருளாக மாறியதா? பழைய நிலைக்கு அது மீளுமா? இவற்றுக்கு விடை கண்டால் உரிய வினை தானே வந்து நிற்கும்.

சேலத்தில் 1916 ஆம் ஆண்டு இராஜாஜியும் வெங்கடசுப்பையரும் கலைச்சொற் கழகம் கண்டனர். அதற்கு முன்பே, பத்தொன்பதாம் நூற்றாண்டில், யாழ்ப்பாணத்தில் மருத்துவர் கிறீன் தமிழில் மருத்துவம் கற்பித்தார். அப்பணியின் தொடர்ச்சி பல்கலைக்கழகங்களுக்கு மட்டும் உரியதன்று. மீன் பதப்படுத்துவோர், கொத்தனார், வண்ணம் குழைப்போர், வார்ப்படத் தொழிலாளர் ஆகியோர் இப்பகுதியில் நாள்தோறும் பொருள்கள் இறுகுவதையும் உறைவதையும் கையாற் காண்பவர்கள். அவர்கள் நாவில் வழங்கும் வினைகளைக் கேட்டு, பொருள் வேற்றுமையோடு எழுதித் தொகுக்கும் பணியை இவ்வட்டம் தன் இரண்டாம் பத்தாண்டில் மேற்கொள்ளுமாயின், தமிழ் அகராதிக்கு அது நற்கொடையாக அமையும்.