கால் கிலோ மீனும் கணக்குக் கொப்பியும்



திருகோணமலை அன்புவழிபுரத்தில் வாசிப்பு மாதக் கூட்டம், புத்தகங்களைப் பற்றிப் பேசுங்கள் என்றுதான் என்னைக் கூப்பிட்டார்கள். நான் முதலில் மீனைப் பற்றிப் பேசப் போகிறேன். அவைத் தலைவர் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

சூரை மீன் கிலோ 1,200 ரூபாய் என்று வைத்துக்கொள்ளுங்கள். கால் கிலோ எவ்வளவு? பாருங்கள், நான் கேட்டு முடிக்கும் முன்பே அந்த அம்மா 300 என்கிறார். எப்படி வந்தது? அரைக் கிலோ 600, அதில் பாதி 300. பேனையும் இல்லை, கொப்பியும் இல்லை. இதையே நான் கரும்பலகையில் 1200 ஐ 4 ஆல் வகுக்க என்று எழுதி, ஒருவரை எழும்பி வரச் சொன்னால் என்ன நடக்கும்? மண்டபத்தில் பாதிப் பேருக்குத் தண்ணீர் விடாய்க்கும், மீதிப் பேருக்கு அவசரமாக ஒரு போன் வரும்!

சிரிக்கிறோம். இதில் பெரிய விசயம் ஒன்று இருக்கிறது. பிரேசில் நாட்டின் ரெசிபே என்ற நகரமும் நம்முடையதைப் போல ஒரு துறைமுகப் பட்டினம். அங்கே தெருவில் இளநீரும் பழமும் விற்ற பிள்ளைகளிடம் ஆய்வாளர்கள் வாடிக்கையாளர் போலப் போய்க் கணக்குக் கேட்டார்கள். 100 கேள்விக்கு 98 சரியான விடை. பிறகு அதே பிள்ளைகளிடம் அதே எண்களைத் தாளில், பள்ளிக்கூடக் கணக்காகக் கொடுத்தார்கள். 100க்கு 37 தான் சரி. 1985இல் வெளிவந்த ஆய்வு இது. நாற்பது ஆண்டு கழித்து, 2025இல், கொல்கத்தாவிலும் டெல்லியிலும் சந்தையில் வேலை செய்யும் 1,400க்கும் மேற்பட்ட பிள்ளைகளிடம் செய்த ஆய்வும் அதையே சொன்னது. அதோடு இன்னொன்றையும் சொன்னது. பள்ளிக்கூடத்தில் மட்டும் கணக்குப் படித்த பிள்ளைகளைச் சந்தைக் கணக்குக்கு முன்னால் நிறுத்தினால் அவர்களும் தடுமாறுகிறார்கள்.

ஆக, வாய்க்கணக்கு ஒரு பக்கம் நிற்கிறது, தாள்கணக்கு இன்னொரு பக்கம் நிற்கிறது. இரண்டும் ஒன்றுதான் என்று பிள்ளைக்கு யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. அதைச் சொல்லிக் கொடுக்க மிகப் பொருத்தமான இடம் வீடு. இன்றைக்கு நான் சொல்ல வந்தது இது ஒன்றைத்தான். வீட்டை இரண்டாவது பள்ளிக்கூடமாக்க வேண்டாம். வீட்டில் ஏற்கெனவே நடக்கும் பேச்சையும் கணக்கையும் எடுத்துத் தாளில் வைத்துக் காட்டுங்கள். அது போதும்.

ஏன் இதை இப்போது அவசரமாகச் சொல்கிறேன்? போராலும் இடப்பெயர்வாலும் பள்ளிக்கூடம் மூடிய காலங்களை இந்த மாவட்டம் கண்டது. 2004 டிசம்பரில் கடல் ஏறி வந்ததையும் கண்டது. பிறகு 2020 மார்ச்சில் கொரோனாவுக்காக நாடு முழுவதும் பாடசாலைகள் மூடின. ஆரம்ப வகுப்புகள் முழுமையாகத் திறக்கத் தொடங்கியது 2021 ஒக்டோபரில். மூச்சு விடுவதற்குள் 2022இல் எரிபொருள் இல்லை, மீண்டும் படலையைப் பூட்டினோம். 2021இல் மூன்றாம் தரப் பிள்ளைகளிடம் நாடளாவிய ஆய்வு ஒன்று எடுத்தார்கள். அந்த வயதுக்குத் தேவையான குறைந்தபட்ச எழுத்தறிவு இருந்தது 34 வீதம் பிள்ளைகளிடம். எண்ணறிவு? வெறும் 7 வீதம். நூறு பிள்ளையில் ஏழு பிள்ளை! 1945இலிருந்து இலவசக் கல்வி கொடுத்து வரும் நாட்டில் வந்த எண் இது. இதில் பிள்ளையின் குற்றம் எதுவுமில்லை. ஆனால் அன்று தவறிய அத்திவாரம் தானாக வந்து நிரம்பாது. கூட்டல் புரியாத பிள்ளைக்கு அடுத்த வருடம் பெருக்கல் வந்து நிற்கும்.

சரி, வீட்டில் என்ன செய்யலாம்? கணக்கிலிருந்தே தொடங்குவோம்.

“நூற்று ஐந்து எழுது” என்று ஏழு வயதுப் பிள்ளையிடம் சொல்லிப் பாருங்கள். பல பிள்ளைகள் 1005 என்று எழுதும். உடனே தலையில் குட்டாதீர்கள். பிள்ளை கேட்டதைக் கேட்டபடி எழுதியிருக்கிறது. நூறு, அதாவது 100, பிறகு ஐந்து. இடப்பெறுமானம் இன்னும் பிடிபடவில்லை, அவ்வளவுதான். ஒரு 100 ரூபாய்த் தாளையும் ஐந்து ஒரு ரூபாய்க் குற்றிகளையும் எடுத்து வையுங்கள். “நூறு எத்தனை? ஒன்று. பத்து ரூபாய்க் குற்றி எத்தனை? ஒன்றுமில்லை. ஒரு ரூபாய் எத்தனை? ஐந்து.” 1, 0, 5. அந்தப் பூச்சியம் ஏன் நடுவில் இருக்கிறது என்பது அப்போது பிள்ளையின் கையிலேயே தெரியும். கடைக்கு அனுப்பினால் மிச்சக் காசை எண்ணி வரச் சொல்லுங்கள். வந்தவுடன் அந்தக் கணக்கைக் கொப்பியின் கடைசிப் பக்கத்தில் ஒரு வரியாக எழுதச் சொல்லுங்கள். 500 கழித்தல் 380, சமன் 120. அந்த ஒரு வரியில்தான் கடைக் கணக்கு பள்ளிக் கணக்காகிறது.

வீட்டில் பாம்பும் ஏணியும் அட்டை இருக்கும். அது வெறும் விளையாட்டு இல்லை. எண் எழுதிய கட்டங்களில் காய் நகர்த்தி விளையாடும் சின்னப் பிள்ளைகள், பத்துப் பதினைந்து நிமிடமாக நாலைந்து முறை விளையாடினாலே எண்களின் வரிசையையும் அளவையும் நன்றாகப் பிடித்துக்கொள்வதை அமெரிக்காவில் ஆராய்ந்து கண்டார்கள். ஆனால் அதில் ஒரு நுட்பம் உண்டு. காய் 26இல் நிற்கிறது, தாயக்கட்டையில் 4 விழுகிறது. பிள்ளை “ஒன்று, இரண்டு, மூன்று, நாலு” என்று நகர்த்தினால் பலன் குறைவு. “இருபத்தேழு, இருபத்தெட்டு, இருபத்தொன்பது, முப்பது” என்று கட்டத்தில் உள்ள எண்ணைச் சொல்லி நகர்த்த வேண்டும். இந்த ஒரு மாற்றத்துக்கு ஒரு சதம் செலவில்லை.

கன்னியாவுக்கு எல்லோரும் போயிருப்பீர்கள். ஏழு வெந்நீர்க் கிணறு. ஒவ்வொன்றிலும் மூன்று வாளி அள்ளி ஊற்றினால் மொத்தம் எத்தனை வாளி? அங்கே நனைந்துகொண்டு சொல்லும் 21ஐப் பிள்ளை மறக்காது. ஏழாம் வாய்ப்பாட்டுக்கு நம் மாவட்டம் போலப் பொருத்தமான மாவட்டம் இலங்கையிலே வேறு இல்லை!

அப்பாமாருக்கு ஒரு வேலை. கடலில் ஆழத்தைப் பாகத்தில் சொல்வோம் அல்லவா? இரண்டு கையையும் நீட்டினால் ஒரு பாகம். பிள்ளையோடு சேர்ந்து வீட்டு முற்றத்தைப் பாகத்தால் அளந்து பாருங்கள். உங்களுக்கு ஐந்து பாகம் வரும், பிள்ளைக்கு ஏழு எட்டு வரும். “ஏன் ரெண்டு பேருக்கும் வேற வேற?” என்று கேளுங்கள். பிள்ளை யோசிக்கட்டும். பிறகு அளவு நாடாவை எடுத்து மீற்றரில் அளவுங்கள். மீற்றர் என்ற ஒன்று உலகத்துக்கு ஏன் தேவைப்பட்டது என்பதை எந்தப் பாடப்புத்தகமும் இதைவிடத் தெளிவாகச் சொல்லாது.

இனி வாசிப்பு. தமிழில் 247 எழுத்து. ஆனால் பிள்ளை தடக்குவது எண்ணிக்கையில் இல்லை. ‘கொ’ என்ற எழுத்தில் கொம்பு முன்னால் நிற்கிறது, கால் பின்னால் நிற்கிறது, நடுவில் ‘க’. மூன்றையும் சேர்த்து ஒரே ஓசையாகச் சொல்ல வேண்டும். ‘ல’, ‘ள’, ‘ழ’ வேறு இருக்கிறது. எழுத்தெழுத்தாகக் கூட்டி வாசிக்கும் பிள்ளைக்கு வரியின் முடிவுக்கு வரும்போது தொடக்கம் மறந்துபோகிறது, கருத்து விளங்காது. அதற்கு நல்ல மருந்து ஒன்று: தெரிந்த சொற்களைத் திரும்பத் திரும்பக் காண்பது. அதற்குப் புத்தகம்தான் வேண்டும் என்றில்லை. பிஸ்கட் பெட்டியில் மூன்று மொழியில் எழுத்து இருக்கிறது. “தமிழ் எங்க இருக்கு, கண்டுபிடி பாப்பம்” என்று கொடுங்கள். நம் அனுராதபுரச் சந்தியில் பஸ்ஸுக்கு நிற்கும்போது பலகையை வாசிக்கச் சொல்லுங்கள். கொழும்பா, கண்டியா, மட்டக்களப்பா? பிள்ளை சரியாக வாசித்தால்தான் வீடு போய்ச் சேருவோம் என்று சொல்லிப் பாருங்கள், அந்தக் கண் எவ்வளவு கூர்மையாகும் என்று!

பின்வரிசையிலிருந்து ஒரு கேள்வி வரும் என்று எனக்குத் தெரியும். “எங்களுக்கே எழுதப் படிக்கத் தெரியாதே, நாங்கள் எப்படிச் சொல்லிக் கொடுப்பது?” அம்மம்மாமாரே, உங்களுக்காகவே இதைச் சொல்கிறேன். ஒரு கதை சொல்லுங்கள். பேரப்பிள்ளை அதில் மூன்று வரியை எழுதட்டும். எழுதியதை உங்களுக்கு வாசித்துக் காட்டட்டும். தவறாக எழுதியிருந்தால், “நான் அப்பிடிச் சொல்லேல்லையே மகள்” என்று நீங்கள் சொல்வீர்கள் அல்லவா? அதுதான் திருத்தம். வாசிக்கத் தெரியாத ஒருவருக்கு வாசித்துக் காட்டும் பிள்ளைக்குத்தான், எழுத்து எதற்கு என்பது முழுதாக விளங்கும். ஒரு வருடம் இப்படிச் சேர்த்துத் தைத்தால் அது உங்கள் வீட்டுக் கதைப் புத்தகம். அடுத்த வாசிப்பு மாதத்தில் இந்த மேசையில் அதை வையுங்கள்.

பிள்ளை எந்த நிலையில் இருக்கிறது என்று பார்க்கவும் பரீட்சை தேவையில்லை. இந்தியாவில் பிரதம் என்ற தொண்டு நிறுவனம் 2005 முதல் கிராமம் கிராமமாக வீட்டு வாசலில் உட்கார்ந்து ஒரே ஒரு தாளைக் கொடுத்துப் பார்க்கிறது. முதலில் எழுத்து, பிறகு சொல், பிறகு நாலு வரி, பிறகு ஒரு சின்னக் கதை. எந்தப் படியில் பிள்ளை நிற்கிறதோ அந்தப் படியிலிருந்து தொடங்க வேண்டும். நாலாம் தரம் என்பதற்காக நாலாம் தரப் புத்தகத்தையே நீட்ட வேண்டும் என்பதில்லை.

இன்னொரு கேள்வியும் வரும். “நேரம் எங்கே? மூன்றாம் தரத்திலேயே புலமைப்பரிசிலுக்கு ரியூஷன் தொடங்கிவிட்டதே!” புலமைப்பரிசில் வேண்டாம் என்று சொல்ல நான் வரவில்லை. நல்ல பாடசாலைக்குப் போக வழி தேடும் ஏழைப் பெற்றோரின் தவிப்பு எனக்குத் தெரியும். ஆனால் வாசித்துக் கருத்து எடுக்கத் தெரியாத பிள்ளைக்கு, கடந்தகால வினாத்தாளை நூறு முறை செய்வித்தாலும் கேள்வியே விளங்காது. ஒரு நாளைக்குப் பதினைந்து நிமிடம், அதுவும் சமைக்கும்போது, நடக்கும்போது, படுக்கும்போது. அந்தப் பதினைந்து நிமிடத்தில் ஒரே ஒரு கேள்வியை மட்டும் பழக்கமாக்குங்கள்: “எப்பிடிக் கண்டுபிடிச்சாய்?” விடை சரியானாலும் கேளுங்கள், பிழையானாலும் கேளுங்கள். விரலை விட்டு எண்ணினால் எண்ணட்டும், கையைத் தட்டிவிடாதீர்கள்.

இது நடக்கிற காரியமா? நடந்திருக்கிறது. ஆபிரிக்காவில் பொட்சுவானா நாட்டில், 2020இல் பள்ளிகள் மூடியபோது, ஏறத்தாழ 4,500 குடும்பங்களோடு ஒரு முயற்சி நடந்தது. சிலருக்குக் குறுஞ்செய்தியில் கணக்கு மட்டும் போனது. சிலருக்கு அதோடு வாரத்துக்கு ஒருமுறை, இருபது நிமிடம்கூட இல்லாத ஒரு தொலைபேசி அழைப்பும் போனது. செய்தி மட்டும் கிடைத்த பிள்ளைகளிடம் சொல்லத்தக்க மாற்றமில்லை. மனிதக் குரல் கேட்ட பிள்ளைகள் முன்னேறினார்கள். வட்ஸ்அப் குழுவில் வீட்டுவேலைத் தாளை அனுப்பிவிட்டு நம் கடமை முடிந்தது என்று நினைக்கும் எல்லோரும் இதைக் கவனிக்க வேண்டும்.

தமிழ்நாட்டில் 2021 ஒக்டோபரில் ‘இல்லம் தேடிக் கல்வி’ தொடங்கினார்கள். பிள்ளைகளின் வீட்டுக்கு அருகிலேயே, மாலையில், ஏறத்தாழ 2 இலட்சம் தன்னார்வலர்கள். பெரும்பாலும் அந்தந்தத் தெருப் பெண்கள். பள்ளி திறந்து ஆறு மாதத்துக்குள் அங்கே பிள்ளைகள் இழந்த கற்றலில் மூன்றில் இரண்டு பங்கு மீண்டது என்றும், அந்த மீட்சியில் ஏறத்தாழ நாலில் ஒரு பங்கு அந்த மாலை வகுப்புகளால் வந்தது என்றும் ஆய்வு காட்டியது. அன்புவழிபுரத்திலும் ஏ.எல். எடுத்துவிட்டு முடிவுக்குக் காத்திருக்கும் தங்கைமார் இல்லையா? பல்கலைக்கழகத்துக்குப் போக நாள் பார்த்திருக்கும் தம்பிமார் இல்லையா?

ஆகையால் மூன்று கோரிக்கையோடு அமர்கிறேன். ஆசிரியர்களே, வாரத்தில் ஒரு நாளாவது, எழுத்தறியாத அம்மாவும் சேர்ந்து செய்யக்கூடிய வீட்டுவேலை ஒன்றைக் கொடுங்கள். இளைஞர்களே, வாரத்துக்கு இரண்டு மாலை உங்கள் தெருவில் ஐந்து பிள்ளைகளோடு உட்காருங்கள். வாசிகசாலைச் சபையினர் அதற்குக் கதவைத் திறந்து, மின்விளக்கைப் போட்டுக் கொடுக்க வேண்டும். பெற்றோரே, இன்றைக்கு இரவுச் சாப்பாட்டுக்கு வீட்டில் எத்தனை ரொட்டி வேண்டும் என்று பிள்ளையைக் கணக்குப் பார்க்கச் சொல்லுங்கள். சொன்ன கணக்கை எழுதச் சொல்லுங்கள். எப்பிடிக் கண்டுபிடிச்சாய் என்று கேட்டு, முழுப் பதிலையும் பொறுமையாகக் கேளுங்கள். நாடு எடுத்த கணக்கில் அன்று நூற்றுக்கு ஏழு வந்தது. நம் ஊரின் கணக்கை நாம் இன்றிரவே எழுதத் தொடங்கலாம்.