ஆகோள் நடந்த நிலம்



போர்க்களம் காணச் செல்லும் பயணி எதைக் கண்டு திரும்ப வேண்டும் என்பதே இன்று நான் எடுத்துக்கொண்ட பொருள். போர்க்களம் என்றதும் நம் நினைவு தலையாலங்கானத்திற்குச் செல்கிறது. சேரன், சோழன், வேளிர் ஐவர் என எழுவரை வென்ற நெடுஞ்செழியனுக்கு அக்களத்தின் பெயரே அடைமொழியாயிற்று. அங்கே மாண்ட படைவீரர்களின் பெயர்களோ பாட்டில் ஏறவில்லை.

நம் தேனி மாவட்டம் தரும் சான்று வேறு வகையானது. ஆண்டிபட்டி வட்டத்தில், வைகைக் கரையில் உள்ள சிற்றூர் புலிமான்கோம்பை. 2006ஆம் ஆண்டில் பேராசிரியர் கா. இராசன் தலைமையிலான தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகக் குழுவினர் அங்கே தமிழி எழுத்துப் பொறித்த மூன்று நடுகற்களைக் கண்டறிந்தனர். அவை கிறித்துவுக்கு முற்பட்டவை என்பது ஆய்வாளர் துணிபு. பெயரும் எழுத்தும் பொறித்த நடுகல்லைச் சங்கப் பாடல்களில் படித்திருந்த நமக்கு, அப்பாடல்களின் காலத்துக் கல்லே கண்முன் வந்து நின்றது.

அவற்றுள் ஒன்று கூடலூர் ஆகோளைச் சொல்கிறது. ஆநிரை கவர்தலைக் குறிக்கும் அச்சொல்லைத் தொல்காப்பியம் வெட்சித்திணையின் துறைகளுள் ஒன்றாக வைத்திருப்பதை நீங்கள் அறிவீர்கள். கல்லில் இருப்பவை மிகச் சில சொற்களே. கல் என்ற சொல்; தீயன் அந்தவன் என்ற பெயர்; கூடலூர் என்ற ஊர்; ஆகோள் என்ற நிகழ்ச்சி. ஒரு வினைச்சொல்கூட இல்லை. வென்றான் என்றும் இல்லை, வீழ்ந்தான் என்றும் இல்லை. கவரச் சென்றவனா, மீட்கச் சென்றவனா என்பதும் பிரித்துச் சொல்லப்படவில்லை. எந்த வேந்தனின் பெயரும் அதில் இடம்பெறவில்லை. மாடு பொருட்டு மாண்டவனுக்கு ஊரார் எழுத்துப் பொறித்துக் கல் எடுத்தார்கள். அரண்மனைக்கு அப்பாலும் எழுத்து வாழ்ந்தது என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமோ?

அந்தக் கூடலூர், குமுளி மலையடிவாரத்தில் உள்ள நம் கூடலூரே எனக் கருதுவோர் உண்டு. அவ்வாறாயின் களம் பள்ளத்தாக்கின் ஒரு கோடியில். கல் மறு கோடியையும் கடந்து. இன்று கூடலூருக்குச் செல்லும் பயணி பெரியாற்று நீரில் விளையும் நெல்லையும் திராட்சைப் பந்தல்களையுமே காண்பார். ஆயினும் ஆநிரையின் நினைவு முற்றும் அழிந்துவிடவில்லை. ஆண்டிபட்டி முதலான ஊர்ப்பெயர்களில் ஒட்டியிருக்கும் 'பட்டி' என்பதற்கு மாடு அடைக்கும் இடம் என்றும் பொருள் உண்டு. கம்பத்தில் தம்பிரான் மாட்டுத் தொழு இன்றும் வழிபடப்படுகிறது. களத்தை இங்கே கண்ணால் காண இயலாது. சொல்லால்தான் காண இயலும்.

ஆண்டிபட்டிக் கணவாயைக் கடந்தால் உசிலம்பட்டிப் பக்கம் பெருங்காமநல்லூர் இருக்கிறது. 1920 ஏப்ரல் 3ஆம் நாள், குற்றப் பரம்பரைச் சட்டத்தின்கீழ்க் கைரேகை பதிய மறுத்த மக்கள்மீது அங்கே காவல்துறை சுட்டது. பதினாறு பேர் மாண்டனர். அவர்களுள் ஒருவர் மாயக்காள் என்ற பெண். காயம்பட்டவர்களுக்குத் தண்ணீர் கொடுத்தவர் என்று ஊர் அவரை நினைவுகூர்கிறது. ஒரு புறம் துப்பாக்கி, மறு புறம் ஊர் மக்கள். அதைப் போர் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஆனால் அங்கும் ஒரு நினைவுத் தூண் நிற்கிறது. ஒருவர் பிறந்த குடியையே குற்றமாக்கிப் பதிவேட்டில் ஏற்ற முனைந்தது அரசு. மாண்டவர்களை ஊர் தன் கல்லால் நினைத்தது. ஏறத்தாழ ஈராயிரம் ஆண்டு இடைவெளியிலும் கல் எடுக்கும் மரபு மாறவில்லை.

கவிஞர்களே, வென்றவனைப் பாடுவது எளிது. அவனே பரிசிலும் தருவான். மாண்டவனின் பெயரைக் காப்பாற்றுவதற்குப் பரிசில் இல்லை. அதைப் புலிமான்கோம்பையில் பெயர் அறியாத ஒரு கல்தச்சன் செய்தான். களம் காணச் செல்லும்போது வாளின் நீளத்தையும் படையின் எண்ணிக்கையையும் கேட்பதற்கு முன், இங்கே விழுந்தவர் யார், எந்த ஊர் என்று கேளுங்கள். விடை கிடைத்தால் எழுதுங்கள். அடைமொழி வேண்டா, பெயரும் ஊரும் போதும்.