எடைக் குறைப்பில் உடற்பயிற்சியின் இடம்

உடல் எடையைக் குறைக்க உடற்பயிற்சி மட்டுமே போதும் என்னும் பரவலான நம்பிக்கையை, தான்சானியாவில் வேட்டையாடியும் கிழங்கும் தேனும் சேகரித்தும் வாழும் ஹட்சா மக்களிடம் அமெரிக்க மானிடவியலாளர் ஹெர்மன் பான்ட்சரும் அவருடைய குழுவினரும் நடத்தி 2012ஆம் ஆண்டு வெளியிட்ட ஆய்வு கேள்விக்கு உள்ளாக்கியது. கன ஐசோடோப்புகள், அதாவது ஒரு தனிமத்தின் வழக்கத்தினும் நிறை மிகுந்த அணுக்கள், கலந்த நீரைப் பருகச் செய்து, அவை உடலைவிட்டு வெளியேறும் வேகத்திலிருந்து ஆற்றல் செலவைக் கணக்கிட்டபோது, நாள்தோறும் நெடுந்தொலைவு நடக்கும் அம்மக்களின் மொத்தச் செலவு, உடல் அளவு வேறுபாட்டைக் கருத்தில் கொண்டு ஒப்பிட்டால், மேலை நாட்டினருடையதை ஒத்தே இருந்தது. உழைப்பு கூடும்போது உடல் பிற செயல்களுக்கான ஆற்றலைச் சிக்கனப்படுத்தி ஈடுசெய்கிறது என்பதே பான்ட்சர் இதற்குத் தரும் விளக்கம்.

ஆகவே எடையைக் குறைப்பதில் உணவுக் கட்டுப்பாட்டுக்கே முதலிடம். எனினும், உணவைக் குறைக்கும்போது கொழுப்போடு தசையும் கரைந்துவிடாமல் காப்பதிலும், குறைந்த எடை மீண்டும் ஏறாமல் தடுப்பதிலும், இதயத்தையும் இரத்தச் சர்க்கரையையும் சீராக வைப்பதிலும் உடற்பயிற்சியின் பங்கு மிகப் பெரிது. பெரியவர்கள் வாரத்திற்கு 150 நிமிடமேனும் மிதமான, அதாவது மூச்சு சற்று வாங்கினாலும் பேச முடிகிற அளவிலான, பயிற்சி செய்ய வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைக்கிறது. எடை காட்டும் முள் நகரவில்லை என்பதற்காக எவரும் நடைப்பயிற்சியைக் கைவிடலாகாது.